பார்த்தவள் சொல்லட்டும்

செல்வராணி சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். யாரும் அவளைக் கழற்றச் சொல்லவில்லை. எத்தனையோ பேர் செருப்போடும் பூட்ஸோடும் ஏறித் தேய்ந்துபோன மரப்படி அது. அவள் வெறுங்காலோடு ஏறி நின்று, முன்னால் இருந்த மரச்சட்டத்தைப் பிடித்தாள். கண்ணாடி வளையல்கள் சட்டத்தில் பட்டுச் சத்தம் வந்ததும், ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல் கையை எடுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கல்யாணமாகி முதல் வருஷம். தலை நிறைய மல்லிகைப்பூ. கோர்ட்டுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொண்டாளோ, மதுரைக்குப் போகிறோம் என்று வைத்துக்கொண்டாளோ தெரியாது. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் அந்த வாசனை என் மேசை வரைக்கும் வந்தது.

சாட்சியாக அவளை அழைத்தது நான்தான். ஆனால் அன்றுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. போதாததற்கு அவள் என் கட்சிக்காரருக்கு எதிராகப் புகார் கொடுத்தவரின் மருமகள். அந்த மாமனார் பெருமாள்சாமி, வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகப் பின்பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தியப் பிரமாணம் முடிந்தது. நீதிபதி என்னைப் பார்த்தார்.

சென்ற வாரம் இதே பத்தியில் என் முதல் ஜாமீன் மனு தள்ளுபடியான கதையை எழுதியிருந்தேன். ஜெயித்த கேஸே கிடையாதா என்று சில நண்பர்கள் கேலி செய்தார்கள். இது அவர்களுக்காக. ஆனாலும் இதில் ஜெயித்தது நானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

வெங்காய வாசனை

பேரையூர் பக்கம் ஒரு கிராமம். கரிசல் காடு. மழை பெய்தால் வெங்காயமும் மக்காச்சோளமும், பெய்யாவிட்டால் கருவேலம். என் கட்சிக்காரர் இருளப்பன் அந்த ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். இவர் திருமங்கலத்தில் லோடு வண்டி ஓட்டிச் சம்பாதித்துச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார். அந்த நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை பெருமாள்சாமியின் கிணற்றை ஒட்டிப் போகிறது. அங்கேதான் வம்பு தொடங்கியது.

பெருமாள்சாமி பரம்பரை விவசாயி. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தன் கிணற்றை ஒட்டி இன்னொருவரின் டிராக்டர் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. பாதையின் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டார். இருளப்பன் அதை எடுத்துப் போட்டார், பெருமாள்சாமி மறுபடியும் வெட்டிப் போட்டார். இரண்டு பேரும் ஊர் பார்க்கச் சத்தம் போட்டுக்கொண்டார்கள்.

அப்படி ஒரு சண்டை நடந்த கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம், பெருமாள்சாமியின் வெங்காயக் கொட்டகை எரிந்துபோனது. விலை ஏறட்டும் என்று சேர்த்து வைத்திருந்த அறுவடை முழுவதும் உள்ளே இருந்தது. ஊர் முழுக்க வெங்காயம் வதங்கும் வாசனை அடித்ததாகவும், விஷயம் தெரியாத பிள்ளைகள் எந்த வீட்டில் விருந்து என்று கேட்டதாகவும் பிற்பாடு சொன்னார்கள்.

இருளப்பன் கொட்டகைப் பக்கமிருந்து ஓடியதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். இருளப்பனின் வலது உள்ளங்கையில் தீக்காயம். முன்விரோதமோ ஊருக்கே தெரியும். அன்றைக்கே போலீஸார் இருளப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தீ வைத்தது நான்தான் என்று அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலமும் தயாரானது.

அந்த வாக்குமூலத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதைக் குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது நம் சட்டத்தில் பழைய விதி. என் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. திருமங்கலம் வீட்டில் எனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்பார்.

“அவனே ஒத்துக்கிட்டான்ல? பெறகு என்னத்துக்குக் கேசு?”

“ஸ்டேஷனுக்குள்ள வச்சு அஞ்சாறு பேரு சுத்தி நின்னா, நீ கூட ஒத்துக்குவம்மா.”

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதேன்” என்று ரசத்தை ஊற்றினார். சட்டக் கல்லூரியில் ஒரு வகுப்பு முழுக்க எங்களுக்கு விளக்கியது அவ்வளவுதான்.

கேட்டதும் பார்த்ததும்

சாட்சியச் சட்டத்தை நான் முதலில் மனப்பாடம்தான் செய்தேன். பிரிவு எண், விளக்கம், விதிவிலக்கு என்று மந்திரம் மாதிரி ஒப்பிப்போம். இப்போது புதுச் சட்டம் வந்து எண்களெல்லாம் மாறிவிட்டன. இன்றைக்கும் எங்கள் கோர்ட்டில் ஒருவர் புது எண்ணைச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் பழைய எண்ணைக் கேட்காமல் விடுவதில்லை. எண்தான் மாறியிருக்கிறது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. கண்ணால் கண்ட விஷயம் என்றால் கண்டவரே வந்து சொல்ல வேண்டும். காதால் கேட்ட விஷயம் என்றால் கேட்டவரே சொல்ல வேண்டும். அவர் பார்த்தாராம், எங்களிடம் சொன்னார் என்பது செல்லாது.

காரணம் எளிமையானது. கூண்டில் நிற்பவரைத்தான் நாம் குறுக்கு விசாரணை செய்ய முடியும். எவ்வளவு தூரத்தில் நின்றாய், வெளிச்சம் இருந்ததா, உனக்கு அவர்மேல் கோபமா என்றெல்லாம் கேட்கலாம். கூண்டில் இல்லாதவரிடம் எதைக் கேட்பது?

டிவி சீரியல் கோர்ட்டில் வக்கீல்கள் மேசையைத் தட்டுவார்கள். எங்கள் கோர்ட்டில் அதிகம் கேட்பது தட்டச்சுச் சத்தம்தான். சாட்சி ஊர்த் தமிழில் சொல்வார், நீதிபதி அதைக் கோர்ட்டுத் தமிழுக்கு மாற்றி உரக்கச் சொல்வார், தட்டச்சர் அடிப்பார். “அம்புட்டு உசரத்துக்கு எரிஞ்சுச்சுய்யா” என்று ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினால், “மிக உயரமாக எரிந்தது” என்று காகிதத்தில் ஏறும். தூக்கிய கை காகிதத்தில் ஏறாது.

விசாரணையில் பெருமாள்சாமிதான் முதல் சாட்சி. அரசு வழக்கறிஞர் அவரிடம் கேட்டு முடித்ததும் நான் எழுந்தேன்.

“தீப்பிடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“பேரையூர் பஜார்ல. உரம் வாங்கப் போயிருந்தேன்.”

“அப்ப இருளப்பன் தீ வச்சாருன்னு எப்படிச் சொல்றீங்க?”

“டீக்கடைக்காரரு சொன்னாரு. ஊரே சொல்லுச்சு.”

சொன்னாரு என்பதைப் பதிவு செய்யக் கூடாது என்றேன். நீதிபதி ஒப்புக்கொண்டார். அடுத்து டீக்கடைக்காரர் வந்தார். இருளப்பன் ஓடியதைப் பார்த்தேன் என்றார். தீ வைத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காதைச் சொறிந்துவிட்டு, “அத நான் பாக்கலைங்க. ஓடுனாரு, அப்பறம் தீ. வேற யாரு வச்சிருப்பா?” என்றார். பார்க்கவில்லை என்பது மட்டும் பதிவானது.

அன்று எனக்கு நல்ல நாள் என்றுதான் நினைத்தேன். இருளப்பனும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் சாயங்காலம் நிதானமாக யோசித்தபோது, மீதியிருப்பது கண்ணில் பட்டது. விரோதம் இருந்தது. ஓடினார். கையில் தீக்காயம். எல்லாமே நேரடிச் சாட்சியம். மூன்றையும் சேர்த்துக் கோத்தால் ஆளை உள்ளே அனுப்பப் போதுமானதாகிவிடலாம்.

தீயை அணைக்க ஆள் கூப்பிடத்தான் ஓடினேன், தீப்பக்கம் போனதில் கை வெந்தது என்று இருளப்பன் என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் நம்பினேன். ஆனால் அதைச் சொல்ல அவரைத் தவிர ஆள் இல்லை.

கேன்டீனில் பொன்னுத்தாயி

அடுத்த வாய்தாவுக்கு, ஜாமீனில் இருந்த இருளப்பனோடு ஓர் அம்மா வந்திருந்தார். அதே ஊர்க்காரர், பெயர் பொன்னுத்தாயி. கோர்ட்டு கேன்டீனில் வடையைப் பிய்த்தபடி, சும்மா கோயிலுக்குப் போன கதை சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

“கொட்டகைக்கு ஒருத்தரும் தீ வைக்கலத்தா. வயர்ல இருந்து பொறி விழுந்துச்சு. பெருமாள்சாமி அண்ணே மோட்டார் ரூம்ல இருந்து கம்பு நட்டு ஒரு வயர இழுத்துக் கொட்டகைக்கு லைட்டு போட்டிருந்தாருல்ல, அதுதேன்.”

எனக்கு டீ புரையேறியது. “நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்குட்டுப் பாத்தேன்? அவரு மருமக செல்வராணி பாத்துச்சு. தண்ணிக் குழாய்ல நிக்கையில எங்கிட்டச் சொல்லுச்சு. நான் வந்து கூண்டுல ஏறிச் சொல்றேன். எனக்கு ஒரு பயமும் இல்ல.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போன வாய்தாவில் எந்த விதியைக் காட்டிப் பெருமாள்சாமியின் வாயை அடைத்தேனோ, அதே விதி இப்போது பொன்னுத்தாயியின் வாயையும் அடைத்தது. நல்ல செய்திக்கு மட்டும் அது விலகி நிற்காது. அவரைக் கூண்டில் ஏற்றினால் அரசு வழக்கறிஞர் எழுந்து ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவார்.

விளக்கிச் சொன்னேன். பொன்னுத்தாயி முகம் சுருங்கியது. “அப்ப நான் போயி அந்தப் புள்ளைகிட்ட, இப்பிடி இப்பிடிச் சொல்லுன்னு சொல்லி வைக்கவா?”

“வேண்டாம்மா. ஒரு வார்த்தையும் பேசாதீங்க. நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னா அது அவ பாத்ததா இருக்காது, நீங்க சொன்னதா ஆயிரும்.”

நானும் போய்ப் பார்க்கவில்லை. பெருமாள்சாமியின் வாசலில் எதிர்த்தரப்பு வக்கீல் போய் நின்று அவர் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் அதே வீட்டில் வாழ வேண்டும். ஒரே வழிதான் இருந்தது. கோர்ட்டு மூலமாகச் சம்மன் அனுப்பி, எங்கள் தரப்புச் சாட்சியாக அழைப்பது.

ரபீக்கின் பயம்

என்னோடு ஒரே அலுவலக அறையைப் பகிர்ந்துகொள்ளும் வக்கீல் ரபீக். கல்லூரியில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவர். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டபடி என் யோசனையைக் கேட்டவர் கையை நிறுத்தினார்.

“ஜோதி, எதிராளி வீட்டுப் பொண்ண நம்ம சாட்சியாவா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

“அவ ஒருத்திதான் பாத்திருக்கா.”

“சரி, கூண்டுல ஏறி, ‘ஆமா, இருளப்பன்தான் வச்சாரு’ன்னு சொல்லிட்டா? நீ கூப்பிட்ட சாட்சி. நீயே கயித்த எடுத்துக் குடுத்த மாதிரி. அதுவும் உன் சாட்சிகிட்ட நீ லீடிங் கேள்வி கேக்க முடியாது.”

ரபீக் சொன்னது சரி. பதிலை உள்ளே வைத்துக் கேட்பதுதான் லீடிங் கேள்வி. வயரிலிருந்து பொறி விழுந்ததைப் பார்த்தாய்தானே என்பது போல. எதிர்த்தரப்புச் சாட்சியிடம் அப்படிக் கேட்கலாம், நம் சாட்சியிடம் கூடாது. என்ன நடந்தது என்று கதவைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். யார் உள்ளே வருவார்கள் என்று தெரியாது.

முடிவு என்னுடையது அல்ல. ஜெயிலுக்குப் போகப்போவது நான் இல்லையே. மறுநாள் இருளப்பனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயிக்கவும் வாய்ப்பிருக்கிறது, இதனாலேயே தோற்கவும் வாய்ப்பிருக்கிறது என்றேன். அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காயம் ஆறி, தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது.

“அந்தப் புள்ளைய எனக்குப் பழக்கமில்ல மேடம். வந்து கொஞ்ச மாசந்தான் ஆகுது. ஆனா பாத்துச்சுன்னா பாத்ததச் சொல்லட்டும். என்னையத் தெரிஞ்சவக எல்லாரும் பாக்காததத்தேன் சொல்லிக்கிட்டுத் திரியிறாக.”

சம்மன் போனது. வருவாளா என்பதே எங்களுக்குப் பயம். ஆனால் வாய்தா அன்று பெருமாள்சாமியே மருமகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கோர்ட்டு கூப்பிட்டால் போகத்தான் வேண்டும் என்பது அவர் கணக்கு. தன் வீட்டுப் பெண் தனக்கு எதிராக என்ன சொல்லிவிடப்போகிறாள் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கும்.

என்ன நடந்தது?

ஆக, மல்லிகை வாசனைக்கு நடுவே நான் எழுந்து நின்றேன். பெயர், ஊர் கேட்டேன். பிறகு ஒரே கேள்வி.

“கொட்டகை எரிஞ்ச அன்னிக்கு நீ என்ன பாத்த?”

செல்வராணி மாமனாரைப் பார்த்தாள். நீதிபதியைப் பார்த்தாள். இன்னொரு கேள்வி கேட்டு உதவி செய்யலாமா என்று என் நாக்கு துறுதுறுத்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். வக்கீல் தொழிலில் அதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

“கொடியில காஞ்ச துணி எடுக்கப் போனேன்,” என்று ஆரம்பித்தாள். “காத்து அம்புட்டுக் காத்து. மாமா இழுத்து விட்டிருந்த வயரு ஆடிக்கிட்டே இருந்துச்சு. பட்டுபட்டுன்னு நீலமாப் பொறி விழுந்துச்சு. கூரையில விழுந்து பொகஞ்சுச்சு. நான் கத்துனேன். வீட்ல ஆம்பளைக யாரும் இல்ல.”

தட்டச்சுச் சத்தம் அவளைத் துரத்திக்கொண்டே வந்தது. நீதிபதி கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, பிறகு தலையசைத்தார்.

“அப்ப பாதை வழியா இவரு வந்தாரு.” இருளப்பனைக் காட்டினாள். “ஓடியாந்து மொதல்ல மாட்ட அவுத்து விட்டாரு. கொட்டகையோரம்தேன் செவலப் பசுவக் கட்டியிருந்துச்சு. கயிறுல தீப்பிடிச்சுருச்சு. கையாலயே பிடிச்சு இழுத்தாரு. பெறகு ஆள் கூப்பிட ஊருக்குள்ள ஓடுனாரு.”

மாட்டைப் பற்றி எனக்கே தெரியாது. இருளப்பன் என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, “எரியிற எடத்துல மாடு கட்டிக் கெடந்தா எவனும் அவுப்பான் மேடம், அதைப் போயி என்னத்தச் சொல்ல?” என்றார்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். நேர்மையானவர், கெட்டிக்காரர். தூரத்தைக் கேட்டார். “இந்தா, இங்கன இருந்து அந்தக் கதவு தூரம்.” வெளிச்சத்தைக் கேட்டார். “பொழுது எறங்கல சார்.” கடைசியாக என்னைச் சுட்டிக்காட்டி, இந்த வக்கீல் வந்து உன்னிடம் பேசினாரா என்றார்.

“இல்ல சார். இந்த அக்காவ இப்பத்தேன் பாக்குறேன்.”

அவர் என்னைப் பார்த்து லேசாகப் புன்னகைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வராண்டாவில்

எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அந்தப் பெண் இப்போது அதே மாமனாரோடு அதே பஸ்ஸில் போக வேண்டும். வேகமாக வராண்டாவுக்கு வந்தேன்.

செல்வராணி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பெருமாள்சாமி அவள் எதிரில் நின்றிருந்தார். துண்டு தோளிலிருந்து நழுவிக் கையில் தொங்கியது. அவர் குரலில் கோபத்தை எதிர்பார்த்துப் போனேன். குரல் கம்மியிருந்தது.

“ஏத்தா, இம்புட்டும் பாத்துட்டு எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

அவள் நிமிர்ந்தாள். எதிர்த்துப் பேசும் தொனி இல்லை. மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

“நீங்க எங்க மாமா கேட்டீக?”

தீ எரிந்த அன்று போலீஸ் கேட்டது, ஊர் கேட்டது, டீக்கடைக்காரரைப் பத்துப் பேர் கேட்டார்கள். வீட்டுக்குள் இருந்தவளை யாரும் கேட்கவில்லை. அவளும், ஆண்கள் வேறு எதையோ பார்த்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டாளாம்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “பசியா இருக்கா? சாப்பிட்டுப் போவமா?” என்றார் பெருமாள்சாமி. அவள் தலையாட்டினாள். இருவரும் படியிறங்கிக் கேன்டீன் பக்கம் போனார்கள்.

தீர்ப்பு நாள்

இருளப்பன் விடுதலையானார். தீர்ப்பில் செல்வராணியின் சாட்சியம் இயல்பானது, நம்பத்தக்கது என்று நீதிபதி எழுதியிருந்தார்.

அன்று பெருமாள்சாமியும் வந்திருந்தார், செல்வராணியும் வந்திருந்தாள். வாசல் படியில் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். கடைசியில் பெருமாள்சாமிதான் என்னிடம் பேசினார், இருளப்பன் காதில் விழும்படி.

“மாட்டுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டாவது கன்னு போட்டிருக்கு.”

“நல்லாருக்கட்டும்ணே,” என்றார் இருளப்பன்.

“பாதை விசயம் ஒண்ணு பாக்கி கெடக்கு. அதுக்கும் கோர்ட்டுக்குத்தேன் வரணுமா வக்கீலம்மா?”

எனக்கு அன்று மனசு லேசாக இருந்தது. விளையாட்டாகத்தான் கேட்டேன். “பாதை எங்கிட்டுப் போகும்ணே? நீங்க சொல்லுங்க இருளப்பண்ணே.”

“கெணத்துக்கு மேக்க. எங்கப்பா சொல்லக் கேட்டிருக்கேன். ஊர்ப்பாதைம்பாரு.”

“நீங்க?” என்று பெருமாள்சாமியைக் கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தொலைவில் பெரியார் பேருந்து நிலையம் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“எங்கப்பாரும் மேக்க ஊர்ப்பாதைன்னுதேன் சொல்லியிருக்காரு,” என்றார் மெதுவாக.

இரண்டு அப்பாக்களும் இறந்து வெகுகாலமாகிறது. இரண்டுமே கேட்டுச் சொன்னவைதான். ஆனால் ஊருக்குப் பொதுவான பாதையைப் பற்றி, சண்டை வருவதற்கு முன்பே இறந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தால், விவரம் தெரிந்தவர்களின் அந்தச் சொல்லைச் சட்டம் காதுகொடுத்துக் கேட்கும். கண்டவரே வந்து சொல்ல வேண்டும் என்ற அந்த விதிக்கு இப்படி ஒரு விலக்கு உண்டு. அதை அவர்களுக்குச் சொன்னேன். சொன்னதும் செல்வராணி முதலில் சிரித்தாள். பிறகு இருளப்பன். பெருமாள்சாமி சிரிக்கவில்லை. ஆனால், “முள்ள நாளைக்கு நானே எடுத்துப் போட்டுர்றேன்” என்றார்.

வழக்கம்போல ஏதாவது குறுக்கே கேட்கலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். கேட்பதற்கு எதுவும் இல்லை.